வாசல் யார் பங்கு?

கல்லூரியைக் கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான் என்ற சேதி லேத்தக்காவுக்குக் கணவர் வழியாகத்தான் வந்தது. அவர் தையற்காரர். அளவு கொடுக்க வந்த யாரோ, யாரோ சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஏம்மா, இனிமே உனக்குக் கம்பெனிச் சட்டையா? அளவெடுத்துடட்டுமா?"

"யாரும் வாங்கல. கூட்டு. கட்டடம் அரசாங்கம், மெஷின் கம்பெனி, பாடம் நாங்க."

"மூணு பேர் சேர்ந்து ஒரு சட்டையா? பட்டன் யார் வைக்கிறது?"

அவள் சிரித்துவிட்டு அதை மறந்துபோனாள்.

தொழில்நுட்பக் கல்லூரிப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கணினி சொல்கிறபடி இரும்பைத் தானே திருப்பித் திருப்பிச் செதுக்கும் மெஷினை வருஷக்கணக்காகச் சாக்பீஸால் வரைந்தே நடத்தினாள். அவளிடம் படித்தவர்களைக் கம்பெனி வாசலோடு திருப்பி அனுப்பியது. ஒருநாள் நேரே போய் மேலாளர் முன் உட்கார்ந்தாள். "படத்துல பார்த்ததை எப்படி சார் ஓட்டுவாங்க?" என்று கேட்டாள். அவர் மெஷின் தருவதாக ஒப்புக்கொண்டார். கூட்டு அங்கேதான் தொடங்கியது. அரசாங்கமும் மனசு வைத்தது. புதுப் பட்டறை எழும்பியது.

இன்று காலை லாரி வந்தது. தார்ப்பாயை இழுத்ததும் வளாகமே திரண்டு வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேலியோரம் வந்தார்கள். ஒரு வீடு அளவுக்கு, வெள்ளை வெளேரென்று நின்றது அது. லேத்தக்கா கிட்டே போய் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் அவள் முகமும், பின்னால் அவள் மாணவர்கள் அத்தனை பேரின் முகமும் தெரிந்தன. இவ்வளவு பெரியதையா இத்தனை காலம் கரும்பலகைக்குள் அடக்கி வைத்திருந்தோம் என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கிரேன்காரர்தான் தலையைச் சொறிந்தார். "அம்மா, வாசல் ஒரு சாண் குறையுதே."

அரசாங்கம் அறையை அளந்திருந்தது. கம்பெனி மெஷினை அளந்திருந்தது. கல்லூரி, மெஷின் உட்காரும் மேடையை மயிரிழை பிசகாமல் போட்டிருந்தது. வாசல் யார் பங்கிலும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் உள்ளே இறக்காவிட்டால் மெஷின் அடுத்த ஊர்க் கல்லூரிக்குப் போய்விடும். காத்திருப்பவர்களில் அவர்கள்தான் அடுத்து.

"இடிச்சுடலாம் சார்," என்றாள் முதல்வரிடம்.

"சுவர் அரசாங்கத்தோடதும்மா. அவங்க என்ஜினியர் ஒரு வார்த்தை சொல்லாம நான் செங்கல்ல கை வைக்க முடியாது."

சேதி கேட்டுக் கணவர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார். வாசலை அளந்தார், மெஷினை அண்ணாந்து பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை.

"பட்டன விட்டுட்டோம்," என்றாள் அவள்.

"சுவத்துல காஜா எடுத்துடலாம்மா. கத்தரி வைக்கலாமான்னு மட்டும் கேளு."

அவசரமாக வரவழைத்த கொத்தனார் சம்மட்டியோடு சுவரோரம் நின்றார். கிரேன் சங்கிலி மெஷினைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தது. அவ்வளவு பெரியது மூச்சுவிடுவதுபோல் மெல்ல அசைந்தது. யாரும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லேத்தக்கா என்ஜினியர் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.