கமராவைப் போடச் சொன்னவர்கள்

எங்கள் நிறுவனம் மன்னார்த் தீவிலும் பெருநிலத்துக் கரையோரத்திலும் முன்பள்ளிகளை நடத்துகிறது. ஆசிரியைகளுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்வது என் வேலை. இனிப் பயிற்சியெல்லாம் ஒன்லைனில்தான் என்று கொழும்புத் தலைமைக் கந்தோர் முடிவெடுத்த பிறகு, அந்த வேலை பெரும்பாலும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மாறிவிட்டது. பாடத்தை முடித்தவரின் ஊருக்கு நேரே பச்சை, முடிக்காதவருக்குச் சிவப்பு. தாராபுரம் முதல் வாரமே பச்சையானது. பாப்பாமோட்டை முக்கி முனகிப் பச்சையானது. மறிச்சுக்கட்டி மட்டும் சிவப்பாகவே நின்றது.

மாதக் கடைசிக்குள் பச்சையாகாத ஆசிரியைகளுக்கு மறு நியமனம் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். மறிச்சுக்கட்டியில் இருப்பதே ஓர் ஆசிரியைதான். அவருடைய வேலை போனால் முன்பள்ளியையும் மூடுவார்கள். அடுத்த முன்பள்ளி, சின்னப் பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் இல்லை.

"அந்த ரீச்சருக்கு ஆர்வம் இல்லைப் போல, மிஸ். நீங்கள் ஏன் மினக்கெடுறீங்கள்?" என்றார் தலைமைக் கந்தோரின் திட்ட அலுவலர், தொலைபேசியில்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என்னோடு வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். அலுவலருக்குத் தெரியாது. "அவவுக்கு ஆர்வம் இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டேன். திரை சொன்னதாம்.

அந்த ஆசிரியையை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு மாதத்தில் ஒருநாள் எல்லோரும் மன்னாருக்குப் பயிற்சிக்கு வருவார்கள். தீவிலிருந்து கத்தோலிக்கப் பெண்கள், மறிச்சுக்கட்டி இருக்கும் முசலிப் பக்கமிருந்து முஸ்லிம் பெண்கள். பாட்டுப் பழகும் நேரம் வந்ததும் யாராவது எழும்பிப்போய்க் கதவைச் சாத்தி, அதற்கு முண்டுகொடுத்து ஒரு கதிரையை வைப்பார். எங்கள் கந்தோர்ச் சாரதியைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நடப்பதைக் கேட்கவே வேண்டாம். பிள்ளை பெற்ற பெண்கள் தவளையாவார்கள், ரயிலாவார்கள். மறிச்சுக்கட்டி ஆசிரியை முயலாவார். இரண்டு கையையும் காதாக வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே அறையைச் சுற்றித் துள்ளுவார். அவர் துள்ளத் தொடங்கினால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். பிறகு எல்லோரும் அதையே பழகிக்கொண்டு ஊருக்குப் போவார்கள்.

அப்படிப்பட்டவருக்கா ஆர்வம் இல்லை? இரண்டு நாள் அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் மோட்டார்சைக்கிளோடு வெளியே நின்றார். முன்பெல்லாம் ஆசிரியை தனியாகத்தான் நடந்து வருவார், போவார். கணவர் வந்து நின்றதைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று விளங்கியது.

"போனைத் தூக்காததுக்கு மன்னியுங்கோ மிஸ்," என்றார் ஆசிரியை. "உங்களோட கோவம் ஒண்டுமில்லை. வேலையை விடப்போறன். அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். என் பார்வையில் என்ன இருந்ததோ, அவர் உடனே சொன்னார்: "நான் விடச் சொல்லேல்லை, மிஸ். விடாதே எண்டுதான் சொல்லுறன். அவதான் கேக்கிறா இல்லை."

பாயில் உட்கார்ந்து ஆசிரியை நடந்ததைச் சொன்னார். முதலாவது பாடத்தின் முடிவில், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவர் முயல் பாட்டை அனுப்பினார். அது மிக நன்றாக இருந்ததாம். அதனால் தலைமைக் கந்தோர் அதை எடுத்து, 'எங்கள் ஆசிரியைகள் தொழில்நுட்பத்தில் துள்ளி முன்னேறுகிறார்கள்' என்று எழுதி, நிறுவனத்தின் பொதுப் பக்கத்தில் போட்டுவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒருநாள் சிலாவத்துறையில பஸ்சால இறங்கினன். சந்தியில நிண்ட பெடியள் போனைத் தூக்கிப் பிடிச்சாங்கள். என்ர வீடியோதான், மிஸ். பாட்டை மாத்திப்போட்டாங்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கு நான் துள்ளுறன்."

அந்தச் சந்தியைக் கடக்காமல் அவருக்குச் சந்தையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

இரண்டாவது பாடத்துக்கும் வீடியோ கேட்டார்கள். மூன்றாவதுக்கும் கேட்டார்கள். முகம் தெரியவேண்டும் என்பது விதி. அவர் பயிற்சிச் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்புத்தான்.

மன்னாருக்குத் திரும்பும் வழியிலேயே, பஸ்சுக்குள் நின்றுகொண்டு அலுவலரை அழைத்தேன். "நல்ல நோக்கத்தோடதானே போட்டனாங்கள், மிஸ். எவ்வளவு பேர் விரும்பியிருக்கினம் தெரியுமோ? அவவைப் பெருமைப்படுத்தினதுதானே," என்றார். வீடியோ விதியை மாற்றமுடியாதாம், செயலி அப்படித்தான் அமைந்திருக்கிறதாம். மாற்றுவது பெரிய வேலையாம். செயலி மனிதருக்கா, மனிதர் செயலிக்கா என்று கேட்க வாய்வரை வந்தது. திங்கட்கிழமை ஒன்லைன் கூட்டம் இருக்கிறது, அதில் நிறுவனத்தின் பணிப்பாளரிடம் கதையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே ஆசிரியையை அழைத்தேன். ராஜினாமாவைத் திங்கட்கிழமை வரை தள்ளிப்போடச் சொன்னேன். கூட்டத்துக்கு வரவும் சொன்னேன். "வாறன். ஆனா முகத்தைக் காட்டமாட்டன்," என்றார்.

திங்கட்கிழமை கூட்டம் தொடங்கியது. திரையில் ஆசிரியைகள் வரிசையாகத் தெரிந்தார்கள். ஒருவருக்குப் பின்னால் அடுப்படி, இன்னொருவருக்குப் பின்னால் மாதா படம், மற்றவருக்குப் பின்னால் காயப்போட்ட உடுப்பு. வந்தது உறுதியாகவேண்டும் என்பதால் ஆசிரியைகள் கமராவைப் போட்டே ஆகவேண்டும். ஒரு சதுரம் மட்டும் கறுப்பாக இருந்தது, கீழே மறிச்சுக்கட்டி என்று.

"மறிச்சுக்கட்டி ரீச்சர், கமராவைப் போடுங்கோ," என்றார் அலுவலர்.

சதுரம் கறுப்பாகவே நின்றது.

"ரீச்சர், விளங்குதோ? போடாட்டி வரவில்லையெண்டுதான் பதிவாகும். ஏற்கெனவே உங்கட பாடங்கள் நிலுவையில இருக்கு. பிறகு நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

அந்தக் கறுப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நேரமும் அது மறைந்துபோகலாம். மறைந்தால் அவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் மற்றச் சதுரங்களையும் கவனித்தேன். பணிப்பாளரின் சதுரத்தில் அவர் கழுத்துப்பட்டி கட்டி எடுத்த படம். அலுவலரின் சதுரத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்து. கொழும்பிலிருந்து வந்த ஒருவரும் கமரா போட்டிருக்கவில்லை. இத்தனை மாதமாக ஒருநாளும் போட்டதில்லை. நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதும் இல்லை.

"சேர்," என்றேன் பணிப்பாளரிடம். என் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "முதல் நீங்கள் கமராவைப் போடுங்கோ."

தாராபுரம் ஆசிரியை கையால் வாயைப் பொத்திக்கொண்டது திரையில் தெரிந்தது.

"நானோ?" என்றார் பணிப்பாளர். "இண்டைக்கு வீட்டில இருந்து கதைக்கிறன், மிஸ். வீட்டில உடுக்கிற சாரத்தோட இருக்கிறன். அவ்வளவு வடிவா இராது."

"ரீச்சர் முயல் மாதிரித் துள்ளினதை அவவிட்டக் கேக்காமலே ஊருக்குக் காட்டினீங்கள், சேர். உங்கட சாரத்தை நாங்கள் ஒருத்தருக்கும் காட்டமாட்டம். இதுக்குள்ள நாங்கள் மட்டும்தான்."

எனக்கும் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் நியமனம்தான். வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருப்பவர்களின் முகங்கள் வந்துபோயின. யாரோ ஒருவர் வீட்டில் காகம் கரைவது மட்டும் கேட்டது.

பணிப்பாளரின் படம் மறைந்து கமரா திறந்தது. சாப்பாட்டு மேசை, சாயம்போன ரீசேட், வாராத தலை. கழுத்துப்பட்டிப் படத்தில் இருந்தவரை விட ஆள் நன்றாக வயதாகியிருந்தார். முகத்தில் கோபம் தெளிவாகத் தெரிந்தது. என்னோடுதான் அந்தக் கோபம்.

"என்ன வீடியோ அது?" என்றார்.

நான் சொன்னேன். பெடியன்களையும் சினிமாப் பாட்டையும் சொல்லவில்லை, அவற்றை அத்தனை பேருக்கு முன்னால் சொல்வது என் உரிமையல்ல. கேட்காமல் போட்டதை மட்டும் சொன்னேன்.

"போட முதல் அவவிட்டக் கேட்டதோ?" என்று அலுவலரிடம் கேட்டார்.

"சேர், அது எங்கட பக்கம்தானே..."

"கேட்டதோ, இல்லையோ?"

"இல்லை, சேர்."

"எடுங்கோ. இப்பவே எடுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பாடத்தை எப்பிடி முடிக்கலாமெண்டு நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ, மிஸ்."

வழி ஒன்றும் புதிதல்ல. ஆசிரியைகளுக்கு மட்டும் ஒரு தனிக் குழு. அங்கே போடுவது அங்கேயே இருக்கும். வீடியோ விரும்பாதவர் குரலை அனுப்பலாம், அல்லது நான் நேரில் போய்ப் பார்த்துப் புள்ளி போடலாம். எல்லாவற்றுக்கும் சரி என்றார். மாற்றவே முடியாது என்ற செயலியை இரண்டு நாளில் மாற்றினார்கள். ஆனால் அதற்குப் பிறகு நெடுநாள் பணிப்பாளர் என்னோடு நேரடியாகக் கதைக்கவில்லை, அலுவலர் மூலமாகத்தான் எல்லாம். எனக்கு அது உறைத்தது. பொய் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் மறிச்சுக்கட்டியிலிருந்து அழைப்பு வந்தது. "எடுத்துப்போட்டினம், மிஸ், பார்த்தனான். பெடியளின்ர போனில கிடக்கிறதை ஆர் எடுக்கிறது?"

அதை எடுக்க என்னாலும் முடியாது என்று சொன்னேன். அவர் மற்றப் பாடங்களை எந்த நாளில் வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டார்.

இரண்டு முறை போய்வந்தேன். மாதக் கடைசிக்கு முன் மறிச்சுக்கட்டி பச்சையாகிவிட்டது. முன்பள்ளி நடக்கிறது. அதன் பிறகு மற்ற ஆசிரியைகளும் முன்னைவிட அதிகமாகப் பதிவு போடத் தொடங்கினார்கள். தனிக் குழுவில் இப்போது சிரிப்புச் சத்தமும் கேட்கிறது.

சான்றிதழைக் கொடுக்க நானேதான் போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் கைப்பேசியில் அலுவலரின் செய்தி வந்தது. 'மறிச்சுக்கட்டி ரீச்சர் சான்றிதழோடு நிற்கும் படம் ஒன்றை நமது பக்கத்தில் போட விரும்புகிறோம். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லவும்.'

நான் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் யோசித்தார். "வேண்டாம், மிஸ்," என்றார்.

'வேண்டாமாம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மறுபக்கத்தில் அலுவலர் எதையோ எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடியும் எழுதுகிறார் என்று திரை காட்டியது. இன்னொரு சண்டைக்கு மனதுக்குள் ஆயத்தமானேன். கடைசியில் 'சரி' என்று வந்தது.

கைப்பேசியை ஆசிரியையிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, அந்தச் சொல்லைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அந்த முதல் வீடியோவுக்கும் இப்பிடி ஒருக்காக் கேட்டிருந்தா," என்றார், "நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன், மிஸ்."