பாசியும் பச்சைதான்

முதியோர் இல்லத்துத் தோட்டக்காரர் முப்பது வருஷமாகப் பாசியைத் திட்டிக்கொண்டிருப்பவர். முன்பக்கப் புல்தரை பச்சையாக இல்லாவிட்டால் சிமெண்ட் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சிமெண்டுக்கு எதற்குத் தோட்டக்காரர்? விதைக்குக் காசும் கிடையாது. பம்ப் அறைக்குப் பின்னால் கிடக்கும் புல்லைப் பிடுங்கி வந்து நடுவது என்று முடிவு செய்து, முதலில் பாசி மொத்தத்தையும் ஒரே நாளில் சுரண்டி எடுத்தார்.

நிமிர்ந்து பார்த்தார். தரை வெறும் மண்ணாகக் கிடந்தது. இத்தனை நாள் பச்சையாகத் தெரிந்தது பாசிதான்.

அங்கேயே சமையல் வேலை பார்க்கும் அவர் மனைவி வந்து நின்றாள்.

"எல்லாரும் புல்லைத்தான் புடுங்குவாங்க. நீங்க இருந்த வேலையையே புடுங்கிட்டீங்களே."

"நாளைக்குக் காலைல மேனேஜர் பார்க்க வர்றாருடி."

"சுரண்டுனதை எங்க கொட்டினீங்க?"

"மதிலோரமா."

அவள் போய் ஒரு கூடைப் பாசியோடு திரும்பினாள். இருவரும் மண்டியிட்டு, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதுபோல் அதைத் துண்டு துண்டாக மண்ணில் பதித்தார்கள். இடுக்குகளில் அவர் புல்லைச் செருகினார். கடைசியில் தண்ணீர் தெளித்தபோது, பாசியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா."