சாண்ட்ஹெட்டுக்குப் பெயர் வைத்தவர்

வீரராகவனுக்கு அறுபத்தேழு வயது. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கல்கத்தாவில், பெஹாலாவிலிருந்து எங்கே போவதென்றாலும் பஸ்தான். நெடுஞ்சாலையில் காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு கனமான க்ரூஸர் வண்டிக்கு ‘சாண்ட்ஹெட்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அது தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்றே பேர்: அவர், மனைவி காமு, பாலிகஞ்சில் இருக்கும் பட்டு மாமி. பட்டு மாமி அவருடைய பழைய மேனேஜர் சுந்தரராஜனின் மனைவி.

2009-இல், அவர் வேலை பார்த்த மோட்டார் சைக்கிள் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லா மண்டலங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. புது வண்டிக்குப் பெயர் சொல்லுங்கள், காரணத்தையும் எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். கூரியர் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. வீரராகவன் உட்கார்ந்து எழுதினார். அவர் அப்பா ராஜாராமன் கல்கத்தா துறைமுகத்தின் பைலட் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர். ஹூக்ளி நதி கடலில் சேருமிடத்தில், சாண்ட்ஹெட்ஸ் என்ற இடத்தில், மாதத்தில் பாதி நாள் அந்தக் கப்பல் நிற்கும். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் அங்கே காத்திருந்து, வழிகாட்டும் பைலட்டை ஏற்றிக்கொண்டுதான் நதிக்குள் வர முடியும்.

‘என் தந்தை அங்கே வேலை பார்த்தார். அங்கே யாரும் அவசரப்படுவதில்லை என்பார். இந்த வண்டிக்கு அந்த நிதானம் பொருந்தும்’ என்று முடித்தார்.

முடித்ததும் வழக்கம்போல மேனேஜரின் கையெழுத்துக்கு வைத்துவிட்டார். அந்த அலுவலகத்திலிருந்து போகும் கடிதங்களையெல்லாம் எழுதுவது அவர், கையெழுத்து சுந்தரராஜனுடையது. எழுதியவருக்கென்று அலுவலக நகலின் ஓரத்தில் பெயர்ச் சுருக்கமாக இரண்டு எழுத்து இருக்கும், அவ்வளவுதான். இருபத்தாறு வருடப் பழக்கம். தன் அப்பாவைப் பற்றி எழுதும்போதும் கை அப்படித்தான் போயிற்று. படித்துப் பார்க்காமலே சுந்தரராஜன் கையெழுத்துப் போட்டார்.

பெயர் தேர்வாகி, சுந்தரராஜன் பெயரில் கேடயம் வந்தது. சுந்தரராஜன் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். சார் எப்போதாவது தன் பெயரைச் சொல்வார் என்று வீரராகவன் பேசாமல் இருந்தார்.

போன வருடம் வண்டிக்குப் பதினைந்து வயது. பெயர் வந்த கதையைப் படமாக எடுக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. வீரராகவன் பாலிகஞ்சுக்குப் போனார்.

“வா ராகவா! படம் எடுக்கறா, கேள்விப்பட்டியா? எங்கப்பா கப்பல்ல இருந்ததையெல்லாம் சொல்லியிருக்கேன்” என்றார் சுந்தரராஜன்.

“உங்கப்பாவா?” பட்டு மாமி காபியோடு வந்தாள். “மாமனார் கும்பகோணத்துல கணக்கு வாத்தியார். காவேரியிலயே முழங்காலுக்கு மேல எறங்க மாட்டார்.”

“நீ சும்மா இரு. கையெழுத்து என்னுது, அதுல இருக்கற அப்பா மட்டும் வேற யாரோட அப்பாவாம்?”

“சார், அது எங்கப்பா. போர்ட்ல இருந்தவர்” என்றார் வீரராகவன்.

“உங்கப்பாவும் போர்ட்டா? இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையேடா!”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. முப்பது வருடம் கையெழுத்துப் போட்டவருக்கு, போட்ட கடிதமெல்லாம் தான் எழுதியதாகவே ஆகிவிட்டிருந்தது.

படம் எடுக்கும் மஹிமாவுக்கு வீரராகவன் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“லெட்டர் எங்ககிட்ட இருக்கு அங்கிள். ‘மை ஃபாதர்’னு போட்டிருக்கு, கீழ சுந்தரராஜன் சார் சைன். உங்ககிட்ட வேற ஏதாவது டாகுமெண்ட் இருக்கா?”

ஓரத்தில் இரண்டு எழுத்து இருந்த நகல்தான் ஒரே சாட்சி. 2016-இல் அலுவலகம் இடம் மாறியபோது பழைய கோப்புகளை அழித்தார்கள். அழிக்க வேண்டியவற்றின் பட்டியலைச் சரிபார்த்தவர் வீரராகவன்.

ஒரு வாரம் கழித்து மஹிமாவே கூப்பிட்டாள். “அங்கிள், பைலட் கப்பல் போட்டோ ஏதாவது கிடைக்குமா? சார்கிட்ட ஒண்ணும் இல்லையாம்.”

“இருக்கு. எங்கப்பா டெக்ல நிக்கறது.”

“வாய்ஸ் ரெக்கார்டிங் முடிஞ்சுபோச்சு. போட்டோவைச் சேர்த்தா சாரோட அப்பான்னுதான் வரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

காமுவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பேரைத் தூக்கிக் கொடுத்தேள். இப்போ பெத்தவரையுமா?”

“கொடுக்கலேன்னா அந்தப் படத்துல அவர் எங்கயுமே இல்லை.”

“இருந்துட்டா மட்டும்? வேற ஆத்துப் பிள்ளைக்கு அப்பாவா இருக்கறதுக்கு வீட்டோட இருக்கட்டும்!”

மூன்றாம் நாள் போட்டோவை அனுப்பினார்.

கரியாஹாட் ஷோரூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படத்தைப் போட்டார்கள். வரிசையாகச் சாண்ட்ஹெட் வண்டிகள், ஐம்பது அறுபது பேர், தோல் ஜாக்கெட்டுகள், செல்ஃபிகள். முன்வரிசையில் சுந்தரராஜன், பட்டு மாமி, அவர்களுக்குப் பக்கத்தில் வீரராகவன். காமு வரவில்லை. திரையில் கறுப்பு வெள்ளையில் ராஜாராமன் வந்தார்: அரைக்கை சட்டை, கழுத்தில் தொங்கும் ஹெட்போன், கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்க்கிற முகம். நான்கு நொடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

சுந்தரராஜன் வீரராகவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

“பாத்தியா ராகவா, அப்பா எப்படி நிக்கறார்!”

பட்டு மாமி தரையைப் பார்த்தாள்.

“ஆமா சார்” என்றார் வீரராகவன்.