சற்குணத்தின் சண்டை ஜெபம்

பூண்டியில் ஏழு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. மண்சுவரும் தகரக்கூரையுமாக அவர்களுக்கு ஒரு ஜெபவீடும் இருந்தது. 1949-ல் ஆசீர்வாதம் என்பவர் அடிவாரத்து அய்யம்பாளையத்திலிருந்து உபதேசியாராக அங்கே வந்து சேர்ந்தார். வார நாட்களில் அந்தத் தகரக்கூரைக்குக் கீழேயே பள்ளிக்கூடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்து ஜெபம் செய்தார். அவருடைய மனைவி சற்குணம்.

மலைக்கு வந்த முதல் மாதம் சற்குணம் இருந்த புடவைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். இரண்டாம் மாதம் கணவனின் கம்பளிக் கோட்டைப் பறித்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் பாத்தி கட்டிப் பூண்டு போட்டாள். வாயாடி. அவள் சிரிப்பு மூன்று வயல் தாண்டிக் கேட்கும் என்பார்கள். எழுத்து மட்டும் தெரியாது. "ஊருக்கெல்லாம் அ, ஆ சொல்ற மனுசனுக்கு எனக்குச் சொல்ல எங்க நேரம்?" என்று அவரையே கேலி செய்வாள்.

1956 ஆவணியில் ஆசீர்வாதத்துக்குக் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. அப்போது பூண்டிக்கு பஸ் இல்லை. நான்கு பேர் அவரை டோலியில் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் கொடைக்கானலுக்கு நடந்தார்கள். சற்குணம் பக்கத்திலேயே, ஒரு கையால் டோலியைப் பிடித்தபடி, வழியெல்லாம் உரக்க ஜெபித்துக்கொண்டே போனாள். வழியிலுள்ள மன்னவனூரை எட்டுமுன்னே அவர் உயிர் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு குடும்பமும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றது. சாவி சற்குணத்தின் முந்தானையில் இருந்தது. அவள் வந்தாள், திறந்தாள், பெருக்கினாள், பாயை விரித்தாள்.

"யாரு ஜெபம் பண்றது?" என்று கேட்டார் வேதமுத்து. சபையில் மூத்தவர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் சற்குணத்தைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, உம்மகூடப் பேச எனக்குப் பிரியமில்ல. நீர் இருக்கீரா இல்லையான்னே இப்பத் தெரியல. இருந்தா, அன்னைக்கு மழையில நான் கத்துனது உமக்குக் கேட்டிருக்கணும். சரி, அது நமக்குள்ள கெடக்கட்டும். சின்னச்சாமி வீட்டு மாட்டுக்குக் கால் வீங்கிக் கெடக்கு, அதப் பாரும். லீலாவுக்கு மாசம் நெருங்குது. அவளக் கைவிட்டுறாதேயும். ஆமென்."

நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்திருந்த லீலா மட்டும் கணீரென்று "ஆமென்" சொன்னாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் சற்குணம் தகரப்பெட்டியில் துணிமணிகளை அடுக்கினாள். அய்யம்பாளையத்தில் அண்ணன் வீடு இருக்கிறது, போய்விடலாம் என்று எண்ணம். ஆனால் புதன்கிழமை லீலாவுக்கு வலி கண்டது. "உபதேசியாரம்மா பக்கத்துல இருந்தாத்தான்" என்று அவள் அடம்பிடித்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு நன்றி சொல்ல வேண்டுமே. சற்குணம் சொன்னாள்: "எனக்குச் செய்யாதத அவளுக்குச் செஞ்சீர். வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனாலும் நன்றி."

அதற்கடுத்த வாரம் யாருக்கோ காய்ச்சல். அதற்கடுத்த வாரம் உருளைக்கிழங்கில் கருகல் நோய். ஒவ்வொரு வாரமும் ஒரு சோலி வந்து வழியை மறித்தது. அடுக்கிய பெட்டி அடுக்கியபடியே இருக்க, அதன் மூடிமேல் அவள் பூண்டு காயப்போட ஆரம்பித்தாள்.

நம்பிக்கை திரும்பிவிட்டதா என்றால், இல்லை. இரவில் படுத்தால் கூரை தெரியும், அதற்கு மேலே எதுவும் தெரியாது. "நான் ஆளில்லாத வீட்டுக் கதவத் தட்டுறேனோ?" என்று லீலாவிடமே ஒருமுறை கேட்டாள். லீலா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, "தெரியலக்கா. ஆனா நீங்க தட்டுறத நிறுத்திட்டா நாங்க எங்க போய் நிப்போம்?" என்றாள்.

ஜெபம் இப்படி ஓடியது. வேதம் வாசிக்க ஆளில்லை; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆறுமாதம் வேதப்புத்தகம் மூடியே கிடந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குத் தமயந்தி மருமகளாக வந்தாள். வத்தலக்குண்டில் எட்டாவது வரை படித்தவள். அவர்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். அச்சடித்த காகிதம் எது கிடைத்தாலும், மளிகைப் பொட்டலமானாலும், விடாமல் வாசிப்பாள். சற்குணம் கூச்சத்தோடு கேட்டபோது, "கதப் புஸ்தகம்தான அக்கா? குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். மாமியாரும், "வாசிச்சுட்டு வெரசா வந்துரு" என்று விட்டுவிட்டாள்.

பூண்டி சபை அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டதில்லை. ராஜா பேசினால் ராஜா குரல், கிழவி பேசினால் கிழவி குரல். அன்றைய பகுதி முடிந்தாலும் நிறுத்தமாட்டாள். "இருங்க, அந்தப் பாவி மாட்டிக்கிட்டானா இல்லையான்னு பாத்துருவோம்" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். ஒருநாள் பாட்டுகள் உள்ள பகுதிக்கு வந்தபோது வாசிப்பு தடுமாறி நின்றது.

"அக்கா, இந்த ஆளு சாமிகூடச் சண்ட போடுறாரு. கூப்பிட்டாக் கேக்கமாட்டேங்கிற, எங்க போய் ஒளிஞ்சுகிட்டங்கிறாரு. அப்படியே நீங்க பேசுற மாதிரியே இருக்கு!"

"அதுலயா இருக்கு? இன்னொருக்கா வாசி புள்ள."

தமயந்தி இன்னொருமுறை வாசித்தாள். பிறகு மூன்றாம் முறையும். சற்குணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. "புஸ்தகத்துக்குள்ளயே எடம் போட்டு வச்சிருக்காரு பாரு, என்ன மாதிரி ஆளுகளுக்கு" என்றாள்.

வேதமுத்துவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. கொடைக்கானலில் இருக்கும் ஐயருக்கு, அதாவது போதகருக்கு, புகார் அனுப்ப முடிவு செய்தார். எழுதத் தெரியாதே. பூண்டு கொள்முதலுக்குக் கொடைக்கானல் கடைவீதியிலிருந்து வரும் வியாபாரி சாகுல் ஹமீதை எழுதச் சொன்னார். உபதேசியார் சம்சாரம் ஆண்டவரோடு மரியாதையில்லாமல் பேசுகிறாள், விசுவாசம் இல்லை என்று அவளே சொல்கிறாள், ஆகவே வேறு ஆள் வேண்டும் என்று வேதமுத்து சொல்லச்சொல்ல, சாகுல் ஹமீது ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். அடியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: "எழுதியவன் குறிப்பு: மேற்படி அம்மாள் ஈரப் பூண்டைக் காய்ந்த பூண்டோடு ஒருநாளும் கலந்து விற்றதில்லை."

1958 தையில் ஐயர் வந்தார். தேவவரம் என்று பெயர், முப்பது வயதுகூட ஆகவில்லை, மலைக்குப் புதிது. கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். சற்குணம் முதலில் உப்பும் வெந்நீரும் கொடுத்துவிட்டு, பிறகுதான் விசாரணைக்கு நின்றாள்.

"கடிதாசி வந்துச்சும்மா. நிசந்தானா?"

"நிசந்தாங்க ஐயா. சாவி வேணும்னா இந்தா இருக்கு."

அவர் சாவியை வாங்கவில்லை. "வழக்கம்போல ஜெபம் பண்ணுங்க, கேக்குறேன்" என்றார்.

அவள் மாற்றிச் சொல்லவில்லை. மூன்று புகார், நான்கு விண்ணப்பம், ஐயரின் காலுக்காக ஒன்று. முடித்துத் திரும்பியபோது ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் முன்னே போனார்கள். சற்குணம் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐயர் அவளிடம் வந்தார்.

"நம்பிக்க உறுதியா இல்லாம வாங்கலாங்களா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணும்னு இருக்காம்மா?"

"இருக்கு. அது மட்டும் போகல."

"அப்பக் கைய நீட்டுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சில வாரம் இப்படித்தான் இருக்கும். யாருகிட்டயும் சொல்ற தைரியம் இல்ல. நீங்க சத்தமாவே சொல்லிட்டீங்க."

வேதமுத்துவின் புகாருக்கு ஐயர் ஒரே வரியில் பதில் சொன்னார்: "வேற ஆளு வர்றவரைக்கும் இந்தம்மாதான்." வேறு ஆள் வரவேயில்லை.

மூன்று வருஷம் கழித்து, மாசி மாதத்தில் ஒருநாள், சற்குணமும் தமயந்தியும் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளனே தொடங்கிய வேலை. வெயில் ஏறிய நேரத்தில் சற்குணம் திடீரென்று நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தேள் கீள் கொட்டிருச்சா?"

"இல்ல புள்ள. காலையில இருந்து அவர்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கேன். இந்தப் பாத்தி நல்லா வெளஞ்சிருக்கு, அந்தப் பாத்தி பரவால்ல, ஒம்ம மேகம் அழகா இருக்குன்னு. கோவமா இருக்கணும்கிறதையே மறந்துட்டேன்."

"எப்ப இருந்து மறந்தீங்க?"

சற்குணம் யோசித்தாள். போன வாரம் ஞாபகம் வந்தது, அறுவடைக்கு முந்திய மாதம் ஞாபகம் வந்தது. எந்த நாள் என்று பிடிபடவில்லை. கணவனின் சாவு இன்னும் வலித்தது, ஏன் என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. அவள் பூண்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு, மூன்று வயல் தாண்டி லீலாவுக்குக் கேட்டது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் மாட்டுக்கால், காய்ச்சல், மழை இவற்றோடு மேகம், குருவி, புதுக் கேரட், சாகுல் ஹமீதின் மகள் கல்யாணம் எல்லாம் வரிசையாக இடம்பெற்றன. ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்த வேதமுத்து, முழங்காலைத் தடவிக்கொண்டே அவளிடம் வந்தார்.

"உபதேசியாரம்மா, தப்பா நெனைக்காதீங்க. சண்ட போட்டப்பப் பத்து நிமிசத்துல முடிச்சீங்க. ராசியானதுல இருந்து முக்கா மணி நேரம் முட்டி போட வேண்டியிருக்கு. என் முட்டியையும் கொஞ்சம் பாருங்க."

"பாத்துட்டாப் போச்சு. அடுத்த வாரம் ஒங்க முட்டிக்கும் சேத்து ஜெபிக்கிறேன்" என்றாள் சற்குணம்.