அவன் வாயை முகர்ந்து நான் போட்ட கையெழுத்து

அவனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் கேட்டால் உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. என்னைவிட ஏழு வயது சின்னவன். என்னைவிட நாலு வருடம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவன். என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவான். இந்தக் கடைசி விஷயம்தான் காரணம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றிவரும் பஸ் ஓட்டினோம். எனக்கு ஆவடி, முத்தாபுதுப்பேட்டை ரூட். அவனுக்குப் பூந்தமல்லி, திருவேற்காடு. என் வண்டியில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்த கையோடு தூங்கிவிடுவார்கள். அவன் வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் கேட்கும். வேலைக்கு வரும் பெண்கள் தலைக்கு வைத்தது போக ஒரு முழம் பூவை அவன் வண்டிச் சாமி படத்துக்கென்று தனியாக எடுத்து வருவார்கள். என் வண்டியிலும் சாமி படம் இருந்தது. அந்தச் சாமிக்கு நான்தான் பூ வாங்கிப் போட வேண்டும்.

போதாததற்கு, திருவேற்காட்டில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம்.

"பக்கத்து ஊட்டுத் தம்பி எவ்ளோ பதவிசா கீது பாரு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது என் மனைவி சொல்வாள்.

"அவனையே தத்து எடுத்துக்கோ" என்பேன். சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியின் லாரி டிரைவர் போதையில் வண்டியை டீக்கடைக்குள் விட்டான். அடுத்த வாரமே எங்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். காலையில் வாய் ஊதிக் காட்டாத டிரைவருக்குச் சாவி கிடையாது. வாடை இருந்தால் அன்றோடு சரி, பிறகு ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஊதிப் பார்க்கும் மிஷினெல்லாம் அப்போது எங்கள் கண்ணில் பட்டதில்லை. வாட்ச்மேன் மூக்குதான் மிஷின். அவரோ நாள் முழுக்க மூக்குப்பொடி போடுகிறவர். அவருக்கு எதிரே சாராயப் பானையைக் கவிழ்த்தாலும் தெரியாது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எனக்கு ஒரு எழவும் தெர்ல நைனா. நீங்களே ஒர்த்தர் வாய ஒர்த்தர் மோந்து பாத்து, நோட்டுல எழுதி கையெழுத்துப் போட்டுக்கங்க."

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. டிரைவர்கள் ஜோடி ஜோடியாக நின்று ஊதுவோம். எனக்கு வாய்த்த ஜோடி அவன்தான். தினமும் விடிந்ததும் முதல் வேலையாக, யார் முகத்தைப் பார்த்தால் எனக்கு எரிகிறதோ அவன் வாயை முகர வேண்டும். அதில் பற்பொடி வாசனை தவிர வேறு ஒன்றும் இருக்காது. என் வாயின் பீடி நாற்றத்தை முகம் சுளிக்காமல் முகர்ந்துவிட்டு, "சுத்தம்ணா" என்று எழுதி வைப்பான்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு புது பஸ் வந்தது. சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது என்று டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சொல்லிவிட்டார். சர்வீஸ் எனக்கு அதிகம். ஆனால் அவன் வண்டியில் இதுவரை ஒரு கீறல் கிடையாது. வண்டி யாருக்குப் போகும் என்பது பொடி போடும் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரம் அவனுக்கு வாயுத் தொந்தரவு. எங்கள் வீட்டில் இருந்த அரிஷ்ட பாட்டிலை என் மனைவி அவன் மனைவியிடம் கொடுத்திருந்தாள். பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடை பாயிடம் நான் வாங்கிய பாட்டில் அது. ஞாயிற்றுக்கிழமை கறி தின்றால் இரண்டு மூடி குடிப்பேன். புளித்த வெல்லம் மாதிரி ஒரு வாடை அதற்கு உண்டு. தெரியாதவன் முகர்ந்தால் சரக்கு என்றுதான் சொல்வான். அதனால்தான் நோட்டீஸ் ஒட்டிய பிறகு வேலை நாளில் நான் அதைத் தொட்டதில்லை.

விடிகாலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வாசலில் நின்று அவன் இரண்டு மூடி அரிஷ்டத்தை ஊற்றிக் குடித்தான். "வாயக் கொப்புளிச்சிட்டு வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பம்பை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

அம்பத்தூர் வரைக்கும் பக்கத்திலேயே சைக்கிள் மிதித்து வந்தான். "புது வண்டி உங்களுக்குத்தான் வரணும்ணா. நீங்கதான் சீனியரு" என்றான். மனதாரத்தான் சொன்னான். எனக்கு விட்டுக்கொடுக்க இவன் யார்?

கேட்டில் ஊதினான்.

"வாடை வருதேப்பா" என்றேன், வாட்ச்மேனுக்குக் கேட்கிற மாதிரி.

"இன்னாண்ணா, வெளாடுறீங்களா?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. 'வாடை உள்ளது' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக என்றைக்கும் வந்ததில்லை.

எட்டு மணிக்கு ஆபீசர் இருவரையும் கூப்பிட்டார்.

"குடிச்சியா?"

"இல்ல சார். அரிஷ்டம் சார், வவுத்துக்கு."

"எங்க வாங்கின? யார் குடுத்தா?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "நானேதான் வாங்கினேன் சார்" என்றான்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "பக்கத்து வீடுதானே நீ? இவன் மருந்து சாப்பிடுறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

அன்றே அவனை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், மூட்டை தூக்க. ஆயுத பூஜை முடிந்ததும் புது பஸ்ஸும் அவனுடைய ரூட்டும் எனக்கு என்றார்கள்.

சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். கையில் அந்த பாட்டில்.

"இந்தாங்கண்ணா, அண்ணி குடுத்தது. பாதி மீதி கீது. ஆபீசர் கேட்டப்ப உங்க ஊட்லேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்லலை. சொல்லியிருந்தா உங்களையும் தெனம் சந்தேகப்படுவாங்க. எனக்குத்தான் போச்சு, உங்களுக்காவது அந்த வண்டி வரட்டும்."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அவன் போன பிறகு திரும்பினால் என் மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"பாட்டிலக் குடுத்த அன்னிக்கே உன்னாண்ட சொன்னேனே" என்றாள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தம்பியைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை. எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்டது அது.

ஆயுத பூஜை முடிந்து பூந்தமல்லி ரூட்டில் புது வண்டியை எடுத்தேன். அந்தப் பெண்கள் ஏறினார்கள், உட்கார்ந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். திருவேற்காட்டில் அவன் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனான். அப்போதுதான் ஒருத்தி எழுந்து பின்னால் போய் அவன் கையில் ஒரு முழம் பூவைக் கொடுத்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"சாமிக்குப் போடலாமாண்ணா?" என்று கேட்டான்.

தலையை ஆட்டினேன். என் வண்டிச் சாமிக்குப் பூவைப் போட்டு, கும்பிட்டுவிட்டுத் தன் சீட்டுக்குத் திரும்பிப் போனான். வண்டியில் எல்லாரும் விழித்துக்கொண்டு அவனிடம் பேச ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. அப்போதும் எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.