முப்பத்தைந்தா, முப்பத்துமூன்றா

என் அக்காவின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். மலைமேல் இருக்கும் குடிநீர்த் தொட்டிக்குப் பத்தொன்பது வருடமாகக் காவலும் அவர்தான், மோட்டார் போடுகிறவரும் அவர்தான். கீழே நகரத்தில் தண்ணீர் வராத அன்று மட்டும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அதுவும் நல்லபடியாக அல்ல.

தொட்டியை ஒட்டி இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அங்கே குடியிருந்தால்தான் வேலை. கீழே மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தார், பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது. கடிதத்தில் தேதியை மாற்றக்கூடச் சோம்பல்பட்டார்களோ என்னவோ.

மாமாவுக்கு எல்லாம் அளவுதான். தொட்டிக்குள் அளவுகோலை விட்டால் அலை அடங்கும்வரை அசையாமல் நிற்பார். அடங்கிய பிறகுதான் படித்து நோட்டில் எழுதுவார். “ஆடுற தண்ணி பொய் சொல்லும் மாப்ள” என்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டேப்பு இருக்கும். கட்டில் வாங்கப் போனாலும் கடைக்காரர் சொன்ன அளவை நம்பமாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம், ஆனால் அந்தக் காலையும் டேப்பு வைத்து அளந்துதான் சொல்வார்.

இரண்டு வருடம் முன்பு அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஐந்து லட்சம் லிட்டரைக் காக்கிற மனிதர், தன் மனைவிக்கு டம்ளரில் கோடு போட்டு ஊற்றினார். அவள் கெஞ்சினாலும் கோட்டைத் தாண்டமாட்டார். பிறகு தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அழுதாரா என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணி. ஏழரையைத் தாண்டினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் பாதை என்ற பெயரில் கல்லும் பள்ளமும், நடுவில் ஒரு ஓடை. அதன்பின் ஆஸ்பத்திரி வரை இருபது கிலோமீட்டர் தார்ச்சாலை. இதற்காகவே ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி நான்கு இன்ச் தூக்கிக் கட்டியிருந்தார். டயர் மட்டும் பழைய முப்பத்தோரு இன்ச் உயரம். அது போதும் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருட மழை ஓடையைத் தோண்டிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, நடு ஓடையில் ஒரு கல் ஜீப்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஜாக்கி போட்டுத் தூக்கி வெளியே எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. படுக்கை போயிற்று. புதன்கிழமை அக்காவின் முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தாள். வியாழனும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். மாமா அதை எனக்குச் சொல்லவில்லை, அவர் குரலே சொல்லிவிட்டது. நான் கூரியர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டயர் கடைக்கு ஓடினேன்.

மாமா எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“முப்பத்துமூணு போடுங்க” என்றார் டயர் கடைக்காரர். “தினமும் ஓட்டுற வண்டி. நாலு இன்ச் தூக்கினதுக்கு அதுதான் சரி.”

“முப்பத்தஞ்சு போட்டா வயிறு இன்னும் மேல போகும்ல?”

“டயர் ரெண்டு இன்ச் பெரிசானா வண்டி உயர்றது ஒரு இன்ச்தாங்க. அந்த ஒரு இன்ச்சுக்காக பிரேக்கு மெத்தனமாகும், ஏத்தத்துல இழுக்காது, மட்கார்டுல உரசும். விரலுக்கேத்த வீக்கம் வேணும்ங்க.”

மாமா டேப்பை எடுத்துக் காட்டினார். ஓடையில் இறங்கி அந்தக் கல்லை அளந்துவிட்டு வந்திருக்கிறார். “முப்பத்துமூணு போட்டா கல்லுக்கும் வயித்துக்கும் நடுவுல அரை இன்ச். முப்பத்தஞ்சுன்னா ஒன்றரை. என் வீட்டுக்காரி உசுரை அரை இன்ச்சுல விடச் சொல்றீங்களா?”

“கல்லை ஏன் வயித்துக்கு அடியில விடுறீங்க? ஒரு சக்கரத்தை அது மேலயே ஏத்திப் போங்க. வயித்துல படவே படாது.”

மாமா காதில் வாங்கவில்லை. முப்பத்தைந்தை மாட்டச் சொன்னார். மாட்டியதும் கடை முன் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்தார். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடித்து மறுபடி அளந்தார். “மூணு விரல் இடம் இருக்கு. எங்க உரசுது?” என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அளந்த மனிதரிடம் நான் என்ன பேச? எனக்கும் அப்போது புரியவில்லை. நிற்கிற தண்ணீரை அளந்தே பழகிய ஆள், ஜீப்பையும் நிற்க வைத்து அளந்துவிட்டார்.

வியாழன் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். வண்டி இப்போது இன்னும் உயரம். அக்காவால் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. நானும் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தோம். “சாமான் ஏத்துற மாதிரி ஏத்துறீங்களே” என்று சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. பின்னால் நானும், முப்பத்தைந்து அளவில் ஒரு ஸ்டெப்னியும், ஜாக்கியும்.

ஓடையில் இறங்கினோம். கல்லைச் சுலபமாகத் தாண்டிவிட்டது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பெருமை முகத்தில். மறுகரை ஏறும் இடத்தில் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். ஒடித்தார். அதே சமயம் இடது முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கியது. டயர் மட்கார்டுக்குள் போய்க் கடித்துக்கொண்டது. ஸ்டியரிங் அசையவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“அறிவிருக்கா உங்களுக்கு? அந்தாளு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல!” என்று கத்தினேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, உளியும் சுத்தியலும் எடுத்து மட்கார்டை வெட்ட ஆரம்பித்தார். பத்து அடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து அக்காவைப் பார்ப்பார். கையில் ரத்தம் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை. நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

“தம்பி” என்றாள். சுத்தியல் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. “வண்டி நின்னுச்சு பாரு, எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?”

“சும்மா இரு அக்கா.”

“நெசமாத்தான் சொல்றேன். இன்னிக்கு ஊசி குத்த வேணாம், அந்த நாலு மணி நேரம் வேணாம்னு இருந்துச்சு. இப்படியே நின்னுடட்டும்னு இருந்துச்சு. ரெண்டு வருஷம் போதும்டா எனக்கு. நானா வேணாம்னு சொன்னா அவரு தாங்க மாட்டாரு. வண்டி போகலன்னா யாரு மேலயும் குத்தம் இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. “மூச்சை வீணாக்காத” என்று மட்டும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி எட்டு இருபது. படுக்கை இல்லை. மாமா நர்ஸ் அம்மாவின் காலில் விழப்போனார், நான் பிடித்துக்கொண்டேன். ஆக்சிஜன் வைத்து அக்காவை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். ஒரு மணிக்கு ஒரு படுக்கை காலியாயிற்று. ஏன் காலியாயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. அவளைப் படுக்கவைத்து ஊசி ஏற்றும்போது அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி டயர் கடை. கிழிந்த மட்கார்டைக் கடைக்காரர் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர், சொன்னேனே என்று சொல்லவில்லை. “இதையே வச்சு இன்னும் வெட்டலாம். ஆனா என்னிக்கு எங்க கடிக்கும்னு சொல்ல முடியாது. முப்பத்துமூணு போட்டா எங்கயும் நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு” என்றார்.

மாமா டேப்பை எடுக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் யாரிடமும் அளவு கேட்டு நான் பார்த்ததில்லை.

“நீ சொல்லு மாப்ள” என்றார். “எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொல்றதைப் போட்டுக்கிறேன்.”

அவரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அக்காவுக்குப் போதுமாம் மாமா என்று. சொன்னால் அந்த இடத்திலேயே உடைந்துபோவார். சொல்லாமல், இதுவே இருக்கட்டும் என்று விட்டாலும் போதும். எந்த வளைவாவது ஒருநாள் பார்த்துக்கொள்ளும், யார் மேலும் குற்றம் இருக்காது. அவள் கேட்டது அவ்வளவுதான். கூடப் பிறந்தவளாயிற்றே, அவள் கேட்டதை நான் எப்போது மறுத்திருக்கிறேன்? ஆனால் அவள் இல்லாத உலகத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை. அது என் சுயநலம்தான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

“முப்பத்துமூணு போடுங்க” என்றேன்.

சனிக்கிழமை அக்கா தானே ஏறி உட்கார்ந்தாள். ஓடையில் மாமா ஒரு சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, தாண்டி, கரை ஏறி, வளைவில் ஒடித்து, நிற்காமல் போனது. ஒரு இடத்திலும் உரசவில்லை.

“பாத்தியா!” என்று மாமா சின்னப் பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைத் தட்டினார். “எல்லாம் உன் தம்பி சொன்னதுதான். முப்பத்துமூணுதான் போடணும்னு ஒரே பிடியா நின்னுட்டான்.”

“அப்படியா?” என்றாள் அக்கா.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். நான் பின்னாலிருந்து குதித்து ஓடி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்காமல் தானே இறங்கி உள்ளே போனாள்.