கண்டக்டரம்மா ரிவர்ஸ் எடுத்த மழைநாள்

பத்தொன்பது வருஷமாக ஒரே தடத்தில் ஓடும் பேருந்துக்கு அவர்தான் நடத்துநர். பயணிகளுக்கெல்லாம் கண்டக்டரம்மா. பின்படிக்கட்டுப் பக்கம் நின்றபடியே அந்த ரோட்டின் மேடு பள்ளம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. “அண்ணே, வேகத்தடை வருது”, “அண்ணே, அந்த லாரிக்காரன் ஒதுங்க மாட்டான் போல” என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருநாள் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, இவ்வளவு தெரிஞ்ச நீ, ஒரு லைசென்ஸ் எடுத்துட்டு வந்து இங்க உக்காரேன்!”

பேருந்தே சிரித்தது. கண்டக்டரம்மாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த வார விடுப்பிலேயே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். இப்போதைக்குக் கார், பஸ்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை தேர்வு இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. நாலு ரோடு சந்திப்பில் இன்ஸ்பெக்டர், “ரைட்” என்றார். அவர் சொன்னது வலது பக்கம். நாள் முழுக்க “ரைட், போலாம்!” என்று கத்திப் பழகியவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வண்டியை நேராக விட்டார். ஃபெயில்.

இரண்டாம் தடவை விடிந்ததிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தேர்வுக்கு வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபைலோடு தயங்கினார்.

“இன்னொரு நாள் வாங்களேம்மா. எதிர்ல யானை வந்தாக்கூடத் தெரியாது போலிருக்கு.”

“மழைன்னா பஸ் ஓடாம இருக்கா சார்? இன்னைக்கு விட்டா மறுபடி டெஸ்ட் நாள்ல எனக்கு லீவு கிடைக்க ஒரு மாசம் ஆகும்.”

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் கையாலேயே வழி காட்டினார். வைப்பர் இரண்டும் தலைதெறிக்க ஆடின. கண்டக்டரம்மா நிதானமாகவே ஓட்டினார். நூலகத்துக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாப் வந்தது. கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது. கால் தானாக பிரேக்கை அழுத்தியது. வண்டி ஓரங்கட்டி நின்றுவிட்டது.

“எதுக்கும்மா நிறுத்துனீங்க?”

பதில் சொல்வதற்குள் பின்கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த ஒரு பெண்மணி, இரண்டு பூந்தொட்டிகளை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறினார். தினமும் கண்டக்டரம்மாவின் பேருந்தில் வருகிறவர்தான்.

“நல்ல வேளை, கண்டக்டரம்மா! பஸ்ஸுக்காக நின்னு நின்னு கால் கடுத்துப்போச்சு. கார் வேற வாங்கிட்டீங்களா?”

“யாருங்க நீங்க?” இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

“பாசஞ்சர்.”

இறக்கிவிடச் சொல்லத்தான் வாயெடுத்தார். வெளியே மழையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. “போங்க” என்று கையை மட்டும் நீட்டினார்.

அவர் காட்டிய குறுகலான ரோடு ரயில் பாலத்துக்கு அடியில் இறங்கியது. கண்டக்டரம்மா சரிவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

“வேணாம் சார். பாக்கக் கணுக்கால் தண்ணி மாதிரி இருக்கும். நடுவுல இடுப்பளவு நிக்கும். போன மழையில எங்க பஸ்ஸே இதுல மாட்டிக்கிச்சு.”

இருபுறமும் சுவர். திருப்ப இடமில்லை.

“அப்ப ரிவர்ஸ்லயே மெயின் ரோடு வரைக்கும் எடுங்க.”

கண்டக்டரம்மா கியரை மாற்றினார். வகுப்பில் ரிவர்ஸ் எடுத்தபோதெல்லாம் எதையாவது இடித்திருக்கிறார். பின்கண்ணாடியோ ஆவி படர்ந்து வெள்ளையாக இருந்தது. பின்சீட்டுப் பெண்மணி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, “எடும்மா, எடு” என்றார்.

கண்டக்டரம்மா தலையைத் திருப்பினார். டிப்போவில் பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது தட்டித் தட்டிக் குரல் கொடுத்தது இத்தனை வருஷமும் யார்? அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“வரலாம்... வரலாம்... லேசா ஒடிச்சு வரலாம்... நேரா... வரலாம், வரலாம்... ஹோல்டான்!”

சொந்தக் குரலுக்குக் கை கட்டுப்பட்டது. சுவரில் உரசாமல், ஊசியில் நூல் நுழைவதுபோல வந்த கார், மெயின் ரோட்டு ஓரத்தில் கச்சிதமாக நின்றது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது, சிரிக்கிறார்.

“பஸ் ஸ்டாப்புல காரை நிறுத்துனது தப்புதான். ஆனா தண்ணியைப் பாத்து நிறுத்துனீங்க பாருங்க, அது எத்தனை பேருக்கு வரும்? பாஸ்.”

“பாஸா?” பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க சார், மாசாமாசம் வரிசையில நிக்க முடியல.”

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாளில் லைசென்ஸ் தபாலில் வந்தது. அடுத்த விடுப்பில் தங்கையின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு, அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார்.

“எங்க போறோம்?”

“எங்கயும் இல்ல. சும்மா.”

முதல் ஸ்டாப் வந்தது, கால் துறுதுறுத்தது, நிறுத்தவில்லை. அடுத்ததும் அப்படியே. பத்தொன்பது வருஷத்தில் அரைக் கிலோமீட்டர் கூட நிற்காமல் போனதில்லை அவர். இப்போது ஸ்டாப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓட, பாட்டு ஒன்றை முனகியபடி நாற்பது கிலோமீட்டர் தாண்டிவிட்டார். கடைசியில் கணவர்தான் மெல்ல ஆரம்பித்தார்.

“ஏம்மா, எங்கயாவது ஒரு டீக்கு நிறுத்துவியா?”

அவர் சிரித்துக்கொண்டே இண்டிகேட்டரைப் போட்டார்.